ரோட்டோரம் பாத்த செடி என்னன்னு தெரியலையா? எங்க சிக்குதோ அங்கருந்து பாருங்க

எங்க ஊரு மலேசியாவுல சுங்கை சிப்புட். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவுல பழைய ரோட்டுல இருக்கு, சுத்தி பால்மரமும் (ரப்பர்) செம்பனையுமா தோட்டம்தான். ஸ்கூல் லீவு வந்துட்டா கோலாலம்பூர் சொந்தம், சிங்கப்பூர் சொந்தம், சில சமயம் தமிழ்நாட்டுலருந்தும் வருவாங்க. கோலகங்சார்ல 1877ல நட்ட ரப்பர் மரம் ஒன்னு இன்னும் நிக்குதாமே அத பாக்கணும்னுவாங்க, லாசா ரோட்டுல ஆத்துக்கு குளிக்க போலாம்னுவாங்க, போற வழியில காடிய நிறுத்தி ஒரு புதர போட்டோ எடுத்துட்டு வந்து "அக்கா இது என்னா செடி"ன்னு நீட்டுவாங்க.

என்கிட்ட ஏன் கேக்கறாங்கன்னா எங்கம்மா முப்பது வருஷத்துக்கு பக்கமா தோட்டத்து வெளிக்காட்டுல களைக்கொல்லி மருந்தடிச்சவங்க. முதுகுல பம்ப மாட்டிக்கிட்டு நெரை நெரையா போறப்ப எத கொல்லணும் எத விடணும்னு கண்ணுதான் சொல்லணும், தப்பா அடிச்சா கூலியில கை வைப்பாங்க. லீவு நாள்ல நானும் பின்னாடியே திரிவேன். அப்படி கத்துக்கிட்டதும், பின்னால போன்ல செடி பேரு சொல்ற ஆப் வச்சு நானே பாத்து திருத்திக்கிட்டதும் சேத்து இங்க எழுதறேன். முழுசா படிக்கணும்னு இல்ல, உங்க சிக்கல் எதுவோ அந்த எடத்துக்கு நேரா போங்க.

ஆனா எந்த சிக்கலா இருந்தாலும் பேரு தேடறதுக்கு முன்னாடி ஒன்ன மட்டும் பாத்துருங்க. தண்டுல இலை எப்படி உக்காந்துருக்கு? ஒரே கணுவுல ரெண்டு இலை நேர் எதிரா கை விரிச்ச மாதிரி நிக்குதா, இல்ல ஒன்னு இந்தப் பக்கம் அடுத்தது கொஞ்சம் மேல அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி வருதா? செண்டுடுக் (ஊதாப்பூ பூக்கற புதர், கீழ சொல்றேன்), உண்ணிச்செடி, எருக்கு, இட்லிப்பூ எல்லாம் எதிர் எதிர். சுண்டை, ஊமத்தை, ஆமணக்கு, கறிவேப்பிலை எல்லாம் மாத்தி மாத்தி. இத பாக்க அஞ்சு செகண்ட் ஆகாது, ஆனா பாதி பேர இதுலயே கழிச்சுரலாம். போட்டோ எடுத்து அனுப்பறவங்க பத்துல ஒம்போது பேரு பூவ மட்டும் கிட்ட வச்சு எடுத்துட்டு வந்துருவாங்க, இலை எப்படி இருந்துச்சுன்னு கேட்டா முழிப்பாங்க, எனக்கு மனசு கஷ்டமாயிரும் ஏன்னா அங்க நின்னப்ப பாத்துருந்தா அப்பவே தெரிஞ்சுருக்கும்.

"ஆப் ஒவ்வொரு தடவையும் வேற வேற பேரு சொல்லுது"

ஆப்புக்கு வாசம் தெரியாது, தொட்டா எப்படி இருக்கும்னு தெரியாது. ஆளுங்க ஏத்தி வச்ச படங்கள பாத்து பழகினத வச்சு உங்க படம் எதுக்கு கிட்ட வருதுன்னு மட்டும் சொல்லுது. அதனால பச்சையா ஒரு இலைக்கூட்டத்த தூரத்துலருந்து எடுத்து குடுத்தா அது என்ன செய்யும், தோராயமா பத்து பேரு தூக்கி போடும்.

ஒரே செடிய அஞ்சு தடவ எடுங்க. முழு புதர் ஒன்னு, கணுவோட தண்டு பக்கவாட்டுல ஒன்னு, இலை மேல்பக்கம், இலைய திருப்பி அடிப்பக்கம், அப்புறம் பூவோ காயோ எது இருக்கோ அது. பக்கத்துல ஒரு இருவது காசு வச்சு எடுத்தா எவ்ளோ பெருசுன்னும் தெரியும். பிளான்ட்நெட்ல ஒரே செடிக்கு பல படம் சேத்து போடலாம், எது இலை எது பூன்னும் குறிச்சு விடலாம். ஐநேச்சுரலிஸ்ட்ல எடத்த ஆன் பண்ணி போட்டா இந்தப் பக்கத்துல பதிவான செடிங்களையும் கணக்குல எடுத்து சொல்லும், அப்புறம் ஆளுங்களும் பாத்து ஒத்துக்குவாங்க. அப்பவும் மூணு பேரு வருதா, மூணும் ஒரே குடும்பமான்னு பாருங்க. ஒரே குடும்பம்னா குடும்பத்த மட்டும் எழுதி வச்சுக்கிட்டு அடுத்த சோதனைக்கு போங்க, அதுவே பெரிய முன்னேற்றம்.

"ஊதாப்பூ, செண்டுடுக்னு சொல்றாங்க, ஆனா எனக்கு சந்தேகமா இருக்கு"

சந்தேகப்படறது நல்லது. எங்க ஊருல அதிகமா கேட்டு வர்ற செடியும் இதுதான், அதிகமா தப்பாகறதும் இதுதான்.

செண்டுடுக்னா, மெலஸ்டோமா மலபாத்ரிகம், இலை எதிர் எதிரா இருக்கும். இலையோட அடியிலருந்து நுனி வரைக்கும் மூணு நரம்பு வில்லு மாதிரி வளஞ்சு நீளமா ஓடும், சிலதுல அஞ்சு. விரல் வச்சு தேச்சா பூனை நாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்கும். பூவுக்கு அஞ்சு இதழ், நடுவுல பத்து மகரந்த காம்பு, அதுல அஞ்சு மஞ்சளா குட்டையா, அஞ்சு ஊதாவா நீளமா வளஞ்சு இருக்கும், இந்த ரெண்டு ஜாதி காம்பு இருந்தா சந்தேகமே வேணாம். காய் சின்ன குடம் மாதிரி, பழுத்தா தாறுமாறா வெடிச்சு உள்ள கருநீலமா சதை தெரியும். சின்ன புள்ளைங்களா நாங்க அத தின்னுட்டு நாக்க நீட்டி யாருக்கு ரொம்ப கருப்புன்னு போட்டி போடுவோம், அந்த லத்தீன் பேருலயும் கருப்பு வாயின்னுதான் அர்த்தமாம். அமில மண்ணுல நல்லா வரும், மண்ணுல இருக்கற அலுமினியத்த இலையில சேத்து வச்சுக்கற செடி இது, அதனாலதான் மத்தது வராத செம்மண் மேட்டுலயும் இது நிக்கும்.

இலை அதே மாதிரி நரம்போட இருக்கு ஆனா பூ வெள்ளையா சின்னதா இருக்குன்னா அது வேற. கிளிடேமியா, மலாய்ல செண்டுடுக் புலுன்னுவாங்க, புலுன்னா முடி. பேருக்கு ஏத்த மாதிரி தண்டு, இலை, காய் எல்லாத்துலயும் செவந்த முடி சிலுப்பிக்கிட்டு நிக்கும், இலை மெத்தை தச்ச மாதிரி பொங்கி பொங்கி இருக்கும், காய் வெடிக்காது, கருநீல உருண்டையா இருக்கும். இது தென்னமெரிக்கா பக்கத்து செடி, இங்க வந்து காட்டுக்குள்ளயே பூந்துருச்சு.

மூணாவது ஒன்னு இருக்கு, கெமுந்திங். பூ ரோஸ், இலை எதிர் எதிர், மூணு நரம்பும் உண்டு, அதனால ஏமாந்துருவோம். ஆனா இலைய திருப்பினா அடிப்பக்கம் வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும், பூவுக்கு நடுவுல கொய்யாப்பூ மாதிரி காம்பு கொத்து கொத்தா எண்ண முடியாத அளவு இருக்கும். கொய்யா குடும்பம்தானே. தைப்பிங் பக்கத்துல கமுந்திங்னு ஊரு இருக்கே, அந்த பேரு இந்த செடியோட பேருதான்.

"பூவே இல்ல, வெறும் இலைதான்"

பயப்பட வேணாம், எங்கம்மாவெல்லாம் பூ பாத்து வேலை செஞ்சதே இல்ல, பூக்கற வரைக்கும் விட்டா அந்த மாசம் மேனேஜர்கிட்ட ஏச்சுதான்.

தண்ட ரெண்டு விரல்ல உருட்டி பாருங்க. உருளாம நாலு பட்டையா இருக்கா, சின்ன முள்ளும் இருக்கா, இலைய கசக்கினா கடுப்பா ஒரு நாத்தம் வருதா, உண்ணிச்செடி. மலாய்ல புங்கா தாஹி ஆயாம், கோழிப்பீ பூன்னு அர்த்தம், அந்த வாசத்துக்கு வச்ச பேரு. மாடு ஆடு தின்னா ஈரல் கெடும், பச்சைக்காய புள்ளைங்க வாயில வைக்க விடாதீங்க.

இலை முக்கோணமா, அடியில ஒரே எடத்துலருந்து மூணு நரம்பு சூலாயுதம் மாதிரி பிரியுதா, ஓரம் பல்லு பல்லா இருக்கா, அது போக்கோ காபால் தெர்பாங், ஏரோப்ளேன் செடி. விதை வெள்ள முடியோட காத்துல பறக்கும். தோட்டத்துல கத்தி பட்டா இந்த இலைய கசக்கி சாற விடுவாங்க, எல்லா லயத்துலயும் (தோட்டத்து வரிசை வீடுங்க) தெரிஞ்ச கைவைத்தியம் அது.

கணு மூங்கில் மாதிரி வீங்கி இருக்கு, இலை சொரசொரப்பா மாத்தி மாத்தி வருது, கசக்கினா மிளகு வாசம், கிளையில வெள்ளையா எலி வால் மாதிரி வளஞ்சு ஒன்னு நிக்குதுன்னா காட்டு மிளகு ஜாதி, பைப்பர் அடுங்கம், அதுவும் வெளிநாட்டுலருந்து வந்ததுதான். தட்டு அளவு பெரிய இலை, நரம்பு சீப்பு மாதிரி நேர் நேரா ஓடுது, ஈரமான எடம்னா சிம்போ ஆயர், முன்ன தெம்பே (புளிக்க வச்ச சோயா) கட்ட அந்த இலையத்தான் எடுப்பாங்க.

தொட்டா இலை சுருங்குது ஆனா ஆள் உசரத்துக்கு மேல நிக்குதுன்னா அது நம்ம தொட்டாச்சிணுங்கி இல்ல, செமாலு கெர்காசி. காய் துண்டு துண்டா உடைஞ்சு முடியோட துணியில ஒட்டும், தண்ணியில மிதந்து ஆறு பூரா போகும். பாத்துட்டு வந்தீங்கன்னா காடியில ஏறதுக்கு முன்னாடி துணிய உதறிருங்க.

"அசல் நம்ம கறிவேப்பிலைதான், நான் பறிச்சுக்கவா"

வேணாம், ஒரு நிமிஷம் இருங்க. தமிழ்நாட்டுலருந்து வந்த எங்க பெரியம்மா வீட்டு அண்ணன் ஒரு தடவ செம்பனை ஓரத்துல ஒரு பை நிறைய உருவிட்டு வந்துட்டாரு, எவ்ளோ சும்மா கெடக்கு பாருன்னு சந்தோஷமா. எங்கம்மா ஒரு இலைய கிள்ளி மூக்குகிட்ட கொண்டு போயி, பேசாம பைய வாங்கி வெளிய கொட்டிட்டாங்க. அது கிளவுசெனா, மலாய்ல செமாமார்னுவாங்க. கறிவேப்பிலைக்கு பங்காளி செடி, ஈர்க்குல இலை வரிசையா வர்றது, கசக்கினா தூக்கலா வாசம் வர்றது எல்லாம் சரி, ஆனா வாசத்துல மருந்து நெடி இருக்கும். ஒரு சின்ன இலைய எடுத்து நடுநரம்ப பாருங்க, இலை ரெண்டு பக்கமும் சமமா இருக்காது, ஒரு பக்கம் ஒடுங்கி ஒரு பக்கம் அகண்டு கத்தி மாதிரி வளஞ்சுருக்கும். பழம் இருந்தா இன்னும் சுலபம், இதுக்கு ரோஸ் கலர்ல கண்ணாடி மாதிரி இருக்கும், கறிவேப்பிலைக்கு பழுத்தா கருப்பு.

நான் பாத்த வரைக்கும் ஆள ஏமாத்தறது புதுச்செடி இல்ல, தெரிஞ்ச மாதிரி இருக்கற செடிதான். புதுசுன்னா நிதானமா பாப்போம், நம்ம வீட்டு செடி மாதிரி இருந்தா கண்ணு பாக்கறத நிறுத்திருது. சுண்டைக்காய்னு பறிக்கறது, கீரைன்னு கிள்ளறது எல்லாம் இதே கதைதான். மெல்லுற சோதனை மட்டும் எதுக்கும் வேணாம். காட்டாமணக்கு விதை கடலை மாதிரி ருசியா இருக்கும்னு தின்னுட்டு வாந்தி பேதியில கெடந்த புள்ளைங்கள தோட்டத்துல நானே பாத்துருக்கேன். யாராவது எதையாவது தின்னுட்டா செடியில ஒரு கிளைய ஒடிச்சு கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்துல தேசிய விஷ மையம் இருக்கு, டாக்டருங்க அங்க கேட்டுக்குவாங்க, செடி கையில இருந்தா அவங்களுக்கு பாதி வேலை மிச்சம்.

"இலை என்னமோ கோணலா இருக்கு, எதுலயும் பொருந்தல"

இத பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா தோட்டப்பக்கம் போனா இதுதான் அடிக்கடி நடக்கும். அது மருந்து பட்ட செடி.

பாதி மருந்து பட்டு சாகாம தப்பிச்ச செடி திரும்ப துளிர்க்கறப்ப இலை அதோட சொந்த உருவத்துல வராது. கிளைபோசேட்ங்கற களைக்கொல்லி பட்டுருந்தா புதுத்துளிர் ஒடுங்கி நூலு மாதிரி, மஞ்சளா வெள்ளையா, கொத்தா அடைஞ்சு வரும், அகலமான இலை இருக்கற செடியே ஊசி இலை செடி மாதிரி தெரியும். ஆப் அத பாத்துட்டு எங்கயோ இருக்கற ஒரு செடி பேர சொல்லும், இல்ல நோயின்னு சொல்லும். எங்கம்மா தூரத்துலருந்தே "அது ரெண்டு மாசம் முன்ன அடிச்சது"ன்னு சொல்லிருவாங்க.

என்ன பண்ணனும்னா, சுத்தி பாருங்க. செம்பனை அடியில வட்டமா புல்லு காஞ்சு கெடக்கா, அறுவடை பாதை ஓரம் பூரா ஒரே அளவுக்கு பழுப்பா இருக்கா, அப்ப மருந்துதான். அந்த செடிய விட்டுட்டு பத்து இருவது அடி தள்ளி மருந்து படாத எடத்துல, கான் (வாய்க்கால்) ஓரத்துலயோ வேலி ஓரத்துலயோ, அதே செடி நல்லா நிக்கும், அத எடுங்க. பட்ட செடிய கையில கசக்காதீங்க, மோந்து பாக்காதீங்க, புள்ளைங்கள தொட விடாதீங்க. பராக்குவாட் மருந்த மலேசியாவுல 2020 ஜனவரிலருந்து தடை பண்ணிட்டாங்க, ஆனா எங்கம்மா காலத்துல அதத்தான் வருஷக்கணக்கா அடிச்சாங்க, கையுறை கேட்டா அடுத்த மாசம் வரும்னு சொல்லுவாங்களாம். அவங்க ரெண்டு கட்டை விரல் நகமும் இன்னிக்கும் ஒழுங்கா வளரல. அதனால இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்லுவேன்.

"காலைல மஞ்சப்பூ நிறைய இருந்துச்சு, மத்தியானம் போனா ஒன்னுமே இல்ல"

செம்பனை ரோட்டோரம் வரிசையா, இடுப்பு உசரத்துக்கு, இலை ஓரம் பல்லு பல்லா, காம்பு இலையில சேர்ற எடத்துல ரெண்டு குட்டி பொட்டு மாதிரி சுரப்பி இருக்கா? புங்கா புக்குல் லாப்பான், எட்டு மணிப்பூ, டர்னேரா. காலைல எட்டு மணி வாக்குல விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள மூடிக்கும். வெள்ளையா நடுவுல கருப்பா இருக்கறதும் இதே ஜாதிதான்.

இது காட்டுச்செடி கணக்கு இல்ல, நட்டு வச்சது. செம்பனைய அரிக்கற ஊலாட் புங்குஸ், அதான் கூடு கட்டிக்கிட்டு தொங்குமே அந்த புழு, அத அழிக்கற சின்ன குளவிங்களுக்கு தேன் குடுக்கறதுக்குன்னே தோட்டத்துல நடுவாங்க. மஞ்சப்பூ கேசியா ஒன்னும் ரோஸ் கலர்ல கொடி ஒன்னும் கூட நடுவாங்க. பறிக்காதீங்க. வரிசையா ஒரே இடைவெளியில நிக்குதுன்னாலே யாரோ நட்டதுன்னு எடுத்துக்கணும், ஆப்ல பதிவு போட்டா நட்ட செடின்னு குறிச்சுருங்க.

"கிளை ஒடிஞ்சதும் பால் வருது" "தொட்டேன், எரியுது"

வெள்ளப்பால்னா எருக்கு, அரளி, கள்ளி, ரப்பர் கன்னு இப்படி எதுவும் இருக்கலாம். மூணு மூணு இலையா விரிஞ்சு தண்டு மெலிசா நிக்கறது பெரும்பாலும் கொட்டை விழுந்து தானா மொளச்ச ரப்பர் கன்னுதான். எருக்கம்பால் கண்ணுல பட்டா ஆபத்து, கைய கழுவற வரைக்கும் மூஞ்சிய தொடாதீங்க.

வெட்டின எடம் கொஞ்ச நேரத்துல கருப்பாகுதுன்னா தள்ளி வந்துருங்க. ஆத்தோரம் ரெங்காஸ் மரம் இருக்கும், மா, முந்திரி குடும்பம், சேங்கொட்டை பட்டா எப்படி கொப்புளிக்குமோ அப்படி. மழைக்கு அது அடியில ஒதுங்கவே வேணாம்.

தொட்ட ஒடனே நெருப்பு சுட்ட மாதிரி இருந்துச்சுன்னா அது ஜெலாத்தாங். காட்டோரத்துல பெரிய இலையோட நிக்கும், முடி கண்ணாடி ஊசி மாதிரி. தேய்க்காதீங்க, தேச்சா இன்னும் உள்ள போகும். ஒட்டுற டேப்ப வச்சு அழுத்தி பிச்சு எடுத்தா முடி கொஞ்சம் கூட வரும், வலி நாள் கணக்குல நிக்கலாம், வீக்கமோ மூச்சு எடுக்க கஷ்டமோ இருந்தா நேரா ஆஸ்பத்திரி.

"பேரு கெடச்சுது, ஆனா ஆளுக்கு ஒரு பேரு சொல்றாங்க"

காட்டாமணக்குன்னு ஒரு பேர எடுத்துக்குங்க. நூல்ல அது ஜட்ரோபா, இங்க லயத்து வேலியில இருந்துச்சே ஜாராக் பாகார், அது. எங்க ஊரு பெருசுங்க சிலரு ஆமணக்கையே அப்படி சொல்லுவாங்க. தமிழ்நாட்டுல நெய்வேலி காட்டாமணக்குன்னா குளத்தோரம் ரோஸ்பூ பூக்கற வேற ஒரு செடி. மூணும் மூணு செடி, ஒரே பேரு. அதனால தமிழ் பேரு, மலாய் பேரு, லத்தீன் பேரு மூணையும் எழுதி வைங்க, யாரு சொன்னது எந்த ஊருன்னும் எழுதுங்க. லாசாவுக்கு உள்ள இருக்கற தெமியார் பழங்குடி ஜனங்க சொல்ற பேரு கெடச்சா அதையும் மரியாதையா கேட்டு எழுதிக்குங்க. காட்டுக்குள்ள கிளை ஒடிச்சு கொண்டு வர்றது மட்டும் கூடாது, ஒதுக்கின காட்டுல அனுமதி இல்லாம செடி எடுத்தா 1984 வனச்சட்டப்படி குத்தம்.

"வீட்டுக்கு வந்துட்டேன், ஒரு போட்டோதான் இருக்கு"

வாட்சப்ல சும்மா அனுப்பினா படம் சுருங்கிரும், எங்க எடுத்ததுங்கற விவரமும் போயிரும். டாக்குமெண்டா அனுப்புங்க. படத்துல நடுவ பாக்காம ஓரத்த பெருசாக்கி பாருங்க, பூவுக்கு பின்னாடி கலங்கலா ஒரு இலையோ கணுவோ மாட்டிருக்கும்.

போன வருஷக் கடைசியில கோயம்புத்தூர்லருந்து வந்த எங்க சின்னம்மா மவ ஒரு படம் காட்டினா, ரோஸ் பூ, கொஞ்சம் ஆட்டம். ஆப் செண்டுடுக்னு சொல்லுச்சு, அவளும் நம்ம ரோட்டுலதான் எடுத்தேன்னு அடிச்சு சொன்னா. அம்மா கண்ணாடிய போட்டுக்கிட்டு போன வாங்கி "இலை அடி ஏன் வெள்ளையா இருக்கு"ன்னாங்க. ஓரத்துல ஒரே ஒரு இலை காத்துல திரும்பி நின்னுருந்துச்சு. அப்புறம்தான் நான் பூ நடுவ பெருசாக்கி பாத்தேன், மகரந்தம் கொத்தா கொய்யாப்பூ மாதிரி இருந்துச்சு. போன்ல எடத்த தட்டினா திரங்கானு கடற்கரை, மணல் பூமி. இங்க வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி எடுத்துருக்கா. கெமுந்திங்தான்னு சொல்லி பழத்தோட படத்த தேடி எடுத்து காட்டினேன், அவ போன புடிச்சுக்கிட்டு "அக்கா இது ஊட்டி ரோட்டுல விக்கற தவிட்டுப்பழம், சின்ன வயசுலருந்து தின்னுருக்கேன், பூவ பாத்ததே இல்ல"ன்னா.